லீகல், லாஃபுல், லெஜிட்டிமேட்: எல்லாவற்றுக்கும் ‘சட்டபூர்வமான’ என்றே எழுதலாமா?

சொல்தேடி:

ஒரு நிறுவனத்தின் தனியுரிமை (பிரைவசி) அறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் ஆறு பக்கம். இரண்டாம் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். ஒரே பத்தியில் லாஃபுல் பேசிஸ், லீகல் ஆப்ளிகேஷன், லெஜிட்டிமேட் இன்ட்ரெஸ்ட், பெர்மிட்டட் பை லா என்று நான்கு தொடர்கள் வருகின்றன. முதல் வரைவில் நான்கையும் ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றிவிட்டேன்: சட்டபூர்வமான அடிப்படை, சட்டபூர்வமான கடமை, சட்டபூர்வமான நலன், சட்டபூர்வமாக அனுமதிக்கப்பட்ட. மெய்ப்புப் பார்த்தவர் பக்க ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார்: “நான்கும் ஒன்றுதான் என்றால் மூலத்தில் ஏன் நான்கு சொல்?”

என்னிடம் பதில் இல்லை. அகராதியைப் புரட்டினால் லீகலுக்கு லாஃபுல் என்று போட்டிருக்கிறது, லாஃபுலுக்கு லீகல் என்று போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஒன்றிருக்கும் இடத்தில் மற்றொன்றை வைப்பதில்லை என்பது மட்டும் காதுக்குத் தெரிகிறது. லீகல் அட்வைஸ் என்பார்கள். லாஃபுல் அட்வைஸ் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இந்தச் சொற்களுக்குள் உள்ள வேறுபாட்டைத் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும். பளபளப்பான தமிழ்ச் சொல் வேண்டும் என்று கேட்கவில்லை. முதலில் எனக்குப் பொருள் புரிய வேண்டும்.

நேர்வழி:

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? சட்டம் விட்டால் செய்யலாம், விடாவிட்டால் செய்யக் கூடாது. இடையில் வேறென்ன இருக்கிறது? ஆங்கிலச் சட்ட எழுத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று சொற்களை அடுக்குவது பழைய பழக்கம். வெற்று அலங்காரத்துக்கெல்லாம் தமிழில் தனித்தனிச் சொல் தேடினால் படிப்பவர்தான் குழம்புவார்.

கறுப்பங்கி:

நேர்வழி சொல்லும் அடுக்குப் பழக்கம் உண்மைதான். ‘நல் அண்டு வாய்டு’ (இரண்டுக்கும் ‘செல்லாதது’ என்றே பொருள்) போன்ற இரட்டைகள் அப்படி வந்தவை. ஆனால் சொல்தேடி காட்டிய நான்கும் இரட்டைகள் அல்ல. நீதிமன்றத்தில் அவை ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு.

முதலில் லீகல். அதற்கு இரண்டு பொருள். ஒன்று, சட்டத்தைச் சேர்ந்த, சட்டம் தொடர்பான. மற்றது, சட்டம் தடுக்காத. லாஃபுலுக்கு முதல் பொருள் கிடையாது. அதனால்தான் லாஃபுல் அட்வைஸ் என்று யாரும் சொல்வதில்லை. லீகல் அட்வைஸ் என்றால் சட்டம் பற்றிய ஆலோசனை. அந்த ஆலோசனையே தப்பாகவும் இருக்கலாம். லீகல் எய்டு என்பதைத் தமிழில் யாரும் ‘சட்டபூர்வமான உதவி’ என்று எழுதியதில்லை, ‘சட்ட உதவி’ என்றுதான் எழுதுகிறோம். லீகல் நோட்டீஸ் மக்கள் வாயில் ‘வக்கீல் நோட்டீஸ்’ ஆனது. எவ்வளவு சரியான மொழிபெயர்ப்பு! அனுப்புகிறவர் யார் என்பதைச் சொல்லி, லீகல் என்பது இங்கே ‘சட்டத் துறை சார்ந்த’ என்ற பொருளில்தான் நிற்கிறது என்று காட்டிவிடுகிறது.

உங்கள் பத்தியில் உள்ள லீகல் ஆப்ளிகேஷனும் அப்படித்தான். சட்டம் சுமத்திய கடமை. ‘சட்டக் கடமை’ என்று எழுதினால் முடிந்தது. ‘சட்டபூர்வமான கடமை’ என்றால், சட்டவிரோதமான கடமை என்று வேறொன்று இருப்பது போல ஆகிவிடுகிறது.

நடுப்பக்கம்:

நாளிதழ் மேசையில் இருபது ஆண்டாக இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். தமிழே இந்த வேறுபாட்டை ஓரளவு வைத்திருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். ‘சட்டரீதியான நடவடிக்கை’ என்றால் வழக்குத் தொடுப்பது. ‘சட்டபூர்வமான நடவடிக்கை’ என்றால் சட்டத்தை மீறாத செயல். முன்னதில் ரீதி, வழி. சட்டத்தின் வழியாகப் போவது. பின்னதில் பூர்வம், மனப்பூர்வம், அதிகாரபூர்வம் போல, அதோடு கூடியது. ஒரு குடியிருப்பாளர் சட்டரீதியான நடவடிக்கை எடுக்கிறார். வீட்டுக்காரர் எடுத்த நடவடிக்கை சட்டபூர்வமானதா என்று நீதிபதி பார்க்கிறார். இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், வாக்கியம் நொண்டும். என் மேசைக்கு வரும் செய்திகளில் பாதியில் இந்த இரண்டும் கலந்துதான் வருகின்றன. திருத்தித் திருத்திக் கை ஓய்ந்தாலும் திருத்தாமல் விட மனம் வருவதில்லை.

வேர்க்கிளறி:

சொற்களின் பிறப்பைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன்.

‘லா’ என்ற சொல் லத்தீனிலிருந்து வந்ததல்ல. வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. கீழே வைக்கப்பட்டது, நிலைநிறுத்தப்பட்டது என்று பொருள். கீழே வைப்பதைக் குறிக்கும் ‘லே’ என்ற வினைக்கு உறவு. அதன்மேல் ‘ஃபுல்’ சேர்ந்து லாஃபுல் ஆயிற்று. லீகல் லத்தீன், சட்டத்தைக் குறிக்கும் ‘லெக்ஸ்’ என்ற சொல்லின் வழி வந்தது. அதே வேர் பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்து ‘லாயல்’ ஆனது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பது நாளடைவில் விசுவாசமானவன் என்றாகிவிட்டது. லெஜிட்டிமேட்டும் லெக்ஸின் வழித்தோன்றல்தான். ஆங்கிலத்தில் அது முதலில் சுட்டியது மணவுறவில் பிறந்த குழந்தையை. பிறப்பு முறையானதா என்ற கேள்வியிலிருந்து, அரசு முறையானதா, கோரிக்கை முறையானதா என்று விரிந்தது.

தடையற்றது என்று பொருள்தரும் லிசிட் வேறு குடும்பம். ‘லிசேரே’ என்றால் இடமுண்டு, தடையில்லை. லைசென்ஸ் அங்கிருந்து வந்தது. ஓய்வைக் குறிக்கும் ‘லெஷர்’ என்பதும் அங்கிருந்துதான்: ‘உனக்கு இப்போது தடையில்லை’ என்ற நிலைதான் ஓய்வு. நேர்ச்சொல்லான லிசிட் ஆங்கிலத்தில் அரிதாகிவிட்டது. எதிர்ச்சொல்லான இல்லிசிட் மட்டும் செழித்திருக்கிறது. போதைப்பொருள் பற்றிய பன்னாட்டு ஆவணங்களில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். அபின் மருந்துக்காக விளைந்தால் லிசிட், அதே அபின் கடத்தலுக்குப் போனால் இல்லிசிட். பொருள் ஒன்றுதான், போகும் வழியை வைத்துப் பெயர் மாறுகிறது.

‘அலவ்’ என்ற சொல்லில் இரண்டு லத்தீன் வினைகள் பிரெஞ்சில் கலந்து ஒன்றாகியிருக்கின்றன. ஒன்று புகழ்வது, மற்றது ஒதுக்கித் தருவது. அனுமதிக்குள் பாராட்டு ஒளிந்திருந்த காலம் அது. ‘பெர்மிட்’ என்பதற்கு மூலப்பொருள், ஊடே போக விடுவது.

நேர்வழி:

சுவையான தகவல்கள். ஆனால் பிறப்பு வேறு, புழக்கம் வேறு. இன்றைக்கு லாஃபுல் என்று எழுதுகிறவர் வைக்கிங்குகளை நினைத்து எழுதவில்லை. அன்லாஃபுல் என்பதற்கும் இல்லீகல் என்பதற்கும் வழக்கில் விளைவு மாறியது என்று ஓர் எடுத்துக்காட்டு தாருங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

கறுப்பங்கி:

தருகிறேன். 2019 செப்டம்பர் 24 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் பதினொரு நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைக்கும்படி பிரதமர் அரசிக்குச் சொன்ன ஆலோசனை அன்லாஃபுல். ஆகவே அந்த முடித்துவைப்பும் செல்லாது. தீர்ப்பில் குற்றம் இல்லை, குற்றவாளி இல்லை, தண்டனை இல்லை. அரசமைப்பு அவருக்குத் தந்த அதிகாரத்தின் எல்லையைத் தாண்டிவிட்டார், தாண்டியதற்குப் போதிய காரணமும் காட்டவில்லை. அவ்வளவுதான். விளைவு என்ன? நாடாளுமன்றம் முடித்துவைக்கப்படவே இல்லை என்று கணக்கானது. இல்லீகல் என்று எழுதியிருந்தால் மக்கள் காதில் காவல் நிலையத்தின் வாடை அடித்திருக்கும்.

பொதுவாக ஆங்கிலச் சட்ட எழுத்தில் அன்லாஃபுல் அகலமானது. குற்றமும் அதில் அடங்கும், உரிமையியல் (சிவில்) தவறும் அடங்கும், அதிகார மீறலும் அடங்கும். இல்லீகல் என்பது, தடை ஒன்றை மீறியது என்ற பக்கம் சாயும்.

ஆனால் நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 43, இல்லீகல் என்பதையே அகலமாக வரையறுத்தது. குற்றமான எதுவும், சட்டம் தடைசெய்த எதுவும், உரிமையியல் வழக்குக்கு இடம் தரும் எதுவும் இல்லீகல். ஆகவே ‘எப்போதும் இப்படித்தான்’ என்று அடித்துச் சொல்ல முடியாது. கையில் உள்ள ஆவணத்தில் வரையறைப் பிரிவு இருந்தால் முதலில் அதைப் படிக்க வேண்டும்.

நடுப்பக்கம்:

அந்த 2019 தீர்ப்பு போன்றவற்றைத் தமிழில் தரும்போதுதான் நமக்குச் சோதனை. ‘சட்டவிரோதம்’ என்று தலைப்பிட்டால் கள்ளச்சாராயம், மணல் கடத்தல் எல்லாம் வாசகர் நினைவுக்கு வரும். நானாக இருந்தால் ‘சட்டத்துக்குப் புறம்பானது’ என்று போடுவேன். எல்லைக்கு வெளியே நின்றது என்ற அளவோடு அது நின்றுகொள்கிறது.

பழையஏடு:

விவிலியத்தின் பழைய தமிழாக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிய சிக்கல் அல்ல. ஓய்வுநாளில் நோயாளியைக் குணமாக்கலாமா என்று பரிசேயர் (யூத சமயப் பிரிவினர்) இயேசுவிடம் கேட்கும் இடத்தில் ஆங்கிலப் பழைய பெயர்ப்பு லாஃபுல் என்று போடும். தமிழில் அது ‘நியாயமா’. இராயனுக்கு (ரோமப் பேரரசனுக்கு) வரி கொடுக்கலாமா என்ற கேள்வியிலும் ‘நியாயமோ, அல்லவோ’. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது அதே ஆங்கிலச் சொல்தான், கிரேக்கத்திலும் அதே சொல்தான். ஆனால் தமிழ் பெயர்த்தவர் ‘அதிகாரமுண்டு’ என்று எழுதினார். ஏன் மாற்றினார்? பரிசேயர் கேட்பது ஒரு செயல் நெறிக்கு ஒத்துவருமா என்று. பவுல் சொல்வது தன்னை யாரும் தடுக்க முடியாது என்று. மூலத்தில் சொல் ஒன்று, கேள்வி இரண்டு. பெயர்த்தவர் கேள்வியைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தார். தம்பி நேர்வழி, ‘சட்டம் விட்டால் செய்யலாம்’ என்று நீங்கள் எழுதினீர்கள். ‘விட்டால்’ என்பதற்குள்ளேயே இந்த இரண்டும் இருக்கின்றன, பாருங்கள்.

சொல்தேடி:

ஐயா, நன்றி. எனக்கு இதுதான் புரியாமல் இருந்தது. சட்டம் பேசாமல் இருப்பதால் ஒன்றைச் செய்யலாம் என்பது ஒரு வகை. சட்டம் வாய் திறந்து ‘செய்’ என்று சொன்னதால் செய்யலாம் என்பது இன்னொரு வகை. பெர்மிட்டட் பை லா என்பது இதில் எந்த வகை?

கறுப்பங்கி:

அம்மா, இந்தக் கேள்வியை உலகத்தின் மிகப் பெரிய நீதிமன்றமே எதிர்கொண்டிருக்கிறது. விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை பன்னாட்டு நீதிமன்றத்திடம் ஒரு கேள்வி அனுப்பியது: அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவதோ பயன்படுத்துவதாக மிரட்டுவதோ எந்தச் சூழ்நிலையிலாவது பன்னாட்டுச் சட்டத்தின்கீழ் பெர்மிட்டட்தானா? சில நாடுகள் கேள்வியில் இருந்த அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டன. பெர்மிட்டட் என்று கேட்டால், அனுமதி காட்டினால்தான் செய்யலாம் என்றாகிவிடுகிறது. நாடுகளுக்கு அனுமதி தேவையில்லை, தடை இல்லாவிட்டால் போதும் என்பது அவற்றின் வாதம். யார் எதை நிரூபிக்க வேண்டும் என்பதே அந்த ஒரு சொல்லால் புரண்டுவிடும் என்ற பயம்.

1996 ஜூலை 8 அன்று கருத்துரை வந்தது. சொல் பற்றிய சச்சரவு முடிவைப் பாதிக்காது என்று நீதிமன்றம் ஒதுக்கிவைத்தது. ஆனால் விடை எழுதும்போது இரண்டு பக்கத்தையும் பிரித்தே எழுதியது. அணு ஆயுதத்துக்குக் குறிப்பான அனுமதி எதுவும் சட்டத்தில் இல்லை: ஒருமனதாக. முழுமையான, அனைத்துலகத் தடையும் இல்லை: பதினொருவர் ஆதரவு, மூவர் எதிர்ப்பு. பொதுவாக அது போர்ச் சட்ட விதிகளுக்கு முரணாகத்தான் இருக்கும் என்றது. ஆனால் ஒரு நாட்டின் உயிர்வாழ்வே ஆபத்தில் இருக்கும் கடைசி நிலைத் தற்காப்பில் அது லாஃபுலா அன்லாஃபுலா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று முடித்தது. அந்தப் பகுதியில் வாக்குகள் ஏழுக்கு ஏழு. தலைவரின் கூடுதல் வாக்கால் நிறைவேறியது.

அனுமதி இல்லை, தடையும் இல்லை, லாஃபுலா என்று கேட்டால் தெரியவில்லை. சட்டம் விட்டது, சட்டம் விடவில்லை என்ற இரண்டே அறைகள் போதும் என்றால் இந்தக் கருத்துரையை எந்த அறையில் வைப்பீர்கள், நேர்வழி?

நேர்வழி:

வைக்க இடமில்லை. ஒப்புக்கொள்கிறேன். என் முதல் பதிவை அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

அப்படியானால் ஒரு கேள்வி. பெர்மிட்டட் என்றால் வாய் திறந்த அனுமதி, லாஃபுல் என்றால் தடையின்மை என்று வைத்துக்கொள்ளலாமா?

கறுப்பங்கி:

அவ்வளவு எளிதாக முடியாது. லாஃபுல் சட்டத்துக்குச் சட்டம் நீளும், சுருங்கும். ஒரே நாட்டின் இரண்டு சட்டங்களைக் காட்டுகிறேன்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 23. ஓர் ஒப்பந்தத்தின் நோக்கம் எப்போது அன்லாஃபுல் ஆகும்? சட்டம் தடுத்தால், மோசடியானால், பிறர் உடலுக்கோ உடைமைக்கோ தீங்கானால், நீதிமன்றம் அதை ஒழுக்கக்கேடாகவோ பொதுநலக் கொள்கைக்கு எதிராகவோ கருதினால். அந்தப் பிரிவின் கீழேயே ஓர் உதாரணம் இருக்கிறது: ஒருவர் தன் மகளை ஆசைநாயகியாக இன்னொருவருக்கு வாடகைக்கு விட ஒப்புக்கொள்கிறார். தண்டனைச் சட்டத்தின்கீழ் அது தண்டிக்கத்தக்கதாக இல்லாமல் போகலாம். ஆனாலும் ஒழுக்கக்கேடு என்பதால் ஒப்பந்தம் செல்லாது. படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும் உதாரணம். லாஃபுல் என்ற சொல்லுக்குள் அறம் எவ்வளவு தூரம் வந்து உட்காரலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இப்போது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4. அங்கே லாஃபுல் பர்ப்பஸ் என்றால் சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத எந்த நோக்கமும். அதே சொல், அதே நாடு, அறம் இருந்த இருக்கை காலி.

ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைக்குப் போனால் தலைகீழ். அதன் 6-ஆம் பிரிவு ஆறு அடிப்படைகளைத் தருகிறது. அவற்றில் ஒன்றாவது பொருந்தினால்தான் ஒருவரின் தரவைக் கையாள்வது லாஃபுல். தடையில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. எந்த வாசல் வழியாக உள்ளே வந்தாய் என்று காட்ட வேண்டும். சொல்தேடி பெயர்க்கும் அறிக்கை பெரும்பாலும் இந்த மாதிரியைப் பின்பற்றியதாகத்தான் இருக்கும்.

சொல்தேடி:

ஆம், அதேதான். அந்த ஆறில் ஒன்றுதான் லெஜிட்டிமேட் இன்ட்ரெஸ்ட். இப்போது என் பிழையின் அளவு தெரிகிறது. ‘சட்டபூர்வமான செயல்பாட்டுக்குச் சட்டபூர்வமான நலன் ஓர் அடிப்படை’ என்று எழுதியிருக்கிறேன். வாக்கியம் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு நிற்கிறது.

வேர்க்கிளறி:

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். லாஃபுல் அங்கே தீர்ப்பு. லெஜிட்டிமேட் அந்தத் தீர்ப்புக்குப் போகும் ஒரு படி. ஒரு நிறுவனம் தன் பொருளைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க விரும்புவது லெஜிட்டிமேட் நலனாக இருக்கலாம். ஆனாலும் அந்த மனிதரின் உரிமை அதைவிடக் கனமாக இருந்தால் தரவைக் கையாள்வது லாஃபுல் ஆகாது. நலன் நியாயமானது, செயல் சட்டத்துக்குப் புறம்பானது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

எதிர்த்திசையிலும் உண்டு. 1999-இல் மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோ, கொசோவோ மக்களைக் காக்க என்று சொல்லி யூகோஸ்லாவியாவின்மீது குண்டுவீசியது. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் ஒப்புதல் இல்லை. அதை ஆராய்ந்த கொசோவோ பற்றிய தன்னிச்சையான பன்னாட்டு ஆணையம் 2000-இல் சொன்ன முடிவு: இல்லீகல், ஆனால் லெஜிட்டிமேட். அந்த முடிவை ஏற்கிறவர்களும் உண்டு, ஆபத்தான வாசல் திறந்துவிட்டது என்று எதிர்த்தவர்களும் உண்டு. ஆங்கிலம் இந்த இரண்டு சொற்களையும் பிரித்து வைத்திருப்பதால்தான் அந்த வாக்கியமே சாத்தியமானது. ‘சட்டபூர்வமற்றது, ஆனால் சட்டபூர்வமானது’ என்று தமிழில் எழுத முடியுமா?

பழையஏடு:

லெஜிட்டிமேட் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்தச் சொல்லின் எதிர்ச்சொல் குழந்தைகள்மீது ஒட்டப்பட்ட காலம் மிக நீண்டது. எந்தத் தவறும் செய்யாத ஓர் உயிரைப் பிறந்த நாளிலேயே முறைகேடு என்று அழைத்த சொல் அது. இந்து திருமணச் சட்டம், பிரிவு 16, இந்தக் கொடுமையைச் சொற்களாலேயே அறுக்கிறது. திருமணம் செல்லாததாக இருந்தாலும், அது செல்லுபடியாகியிருந்தால் லெஜிட்டிமேட் ஆகியிருக்கும் குழந்தை, லெஜிட்டிமேட்தான். ஒரே வாக்கியத்தில் வேலிட் என்பதையும் லெஜிட்டிமேட் என்பதையும் வைத்து, ஒன்று விழுந்தால் மற்றதும் விழ வேண்டியதில்லை என்று சொல்கிறது. இந்த இடத்தில் இரண்டையும் ‘சட்டபூர்வமான’ என்று பெயர்த்தால் பிரிவின் உயிரே போய்விடும். திருமணம் செல்லாது, குழந்தை முறையான குழந்தை. தமிழில் அழகாகவே நிற்கிறது.

கறுப்பங்கி:

வேலிட் பேச்சு வந்ததால் சுருக்கமாக ஒன்று. செல்லாதது எல்லாம் தடைசெய்யப்பட்டதல்ல. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதனாலேயே அதன் நோக்கம் அன்லாஃபுல் ஆகிவிடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1959-இல் சொன்னது. பந்தயம் கட்டினால் பிடித்துப் போக மாட்டேன், வென்ற பணத்தை வசூலித்துத் தரவும் மாட்டேன் என்று அந்தப் பிரிவு ஒதுங்கி நிற்கிறது. செல்லும், செல்லாது என்ற தமிழ்ச் சொற்கள் இதற்கு வார்த்தது போலப் பொருந்துகின்றன. செல்லாக் காசை வைத்திருப்பது குற்றமல்ல, அதைக் கொடுத்து எதையும் வாங்க முடியாது.

இலக்கண ஆசிரியை:

அலவ், பெர்மிட் இரண்டையும் யாரும் பிரித்துச் சொல்லவில்லையே. மாணவர்களுக்கு நான் சொல்வது: பெர்மிட் முறையான சொல், பலகையில் எழுதி மாட்டுவது. அலவ் வீட்டிலும் வகுப்பிலும் புழங்குவது. இலக்கணமும் மாறும். பெயரில்லா எழுவாயோடு, ‘இங்கே புகைபிடிப்பது பெர்மிட்டட் அல்ல’ என்ற அமைப்பில் ‘இட் இஸ்’ போட்டுத் தொடங்க பெர்மிட் இடம் கொடுக்கும். அலவ் அங்கே உறுத்தும். மாறாக ‘உள்ளே விடுவார்களா’ என்று கேட்க அலவ்டு இன் என்று சொல்லலாம், பெர்மிட்டட் இன் என்று சொல்வதில்லை. பொருளிலும் சிறு வேறுபாடு உண்டு. பெர்மிட் செய்ய அதிகாரம் உள்ள ஒருவர் வேண்டும். அலவ் செய்யச் சும்மா இருந்தாலே போதும். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனவரும் பூனையை அலவ் செய்தவர்தான்.

நடுப்பக்கம்:

ஆசிரியை சொன்ன இந்த வேறுபாட்டைக் குழப்பிக்கொள்வதற்கு உலக அளவில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2001-இல் போர்ச்சுகல், சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. பலரும் ‘போதைப்பொருளுக்கு அனுமதி’ என்று எழுதினார்கள். அனுமதி தரவே இல்லை. தடை அப்படியே இருந்தது. மீறினால் குற்ற வழக்கு இல்லை, நிர்வாகக் குழுவின் முன் நிற்க வேண்டும். குற்றமல்ல என்பதும் லீகல் என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைத் தவறவிட்ட செய்தி, நாட்டையே வேறாகக் காட்டிவிடுகிறது.

வேர்க்கிளறி:

லைசென்ஸ்டு, ஆதரைஸ்டு இரண்டையும் விட்டுவிட்டால் சொல்தேடிக்கு நான்காம் பக்கத்தில் மறுபடி சிக்கும். லைசென்ஸ் பற்றி 1673-இல் தாமஸ் எதிர் சொரெல் என்ற ஆங்கில வழக்கில் தலைமை நீதிபதி வான் சொன்னது இன்றும் மேற்கோளாக ஓடுகிறது. லைசென்ஸ் எந்தச் சொத்துரிமையையும் மாற்றித் தருவதில்லை. அது இல்லாவிட்டால் அன்லாஃபுல் ஆகியிருக்கும் ஒரு செயலை லாஃபுல் ஆக்குகிறது, அவ்வளவே. உங்கள் தோட்டத்துக்குள் நான் நடந்தால் அத்துமீறல். நீங்கள் வாருங்கள் என்றால் அதே நடை குற்றமற்றது. தோட்டம் உங்களுடையதாகவே இருக்கிறது. மென்பொருள் வாங்கும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்துகிறோமே, அங்கும் இதே சங்கதிதான்.

ஆதரைஸ்டு என்பதில் இன்னொருவரின் கை இருக்கிறது. அவருக்குப் பதிலாக நீ செய், உன் செயல் என் செயலாகக் கணக்காகும் என்று ஒப்படைப்பது. உரிமம் பெற்றவர் தனக்காகச் செய்கிறார். அதிகாரம் அளிக்கப்பட்டவர் பெரும்பாலும் பிறருக்காகச் செய்கிறார்.

சொல்தேடி:

எல்லாருக்கும் நன்றி. இரவெல்லாம் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். லீகல் ஆப்ளிகேஷன், ‘சட்டக் கடமை’. லாஃபுல் பேசிஸ், ‘சட்டம் ஏற்கும் அடிப்படை’. ஆதரைஸ்டு பெர்சன், ‘அதிகாரம் அளிக்கப்பட்டவர்’. லெஜிட்டிமேட் இன்ட்ரெஸ்ட் என்பதற்கு ‘நியாயமான நலன்’ என்று போட்டேன். அடுத்த பக்கத்தில் தரவை ‘லாஃபுலாகவும் ஃபேராகவும்’ கையாள்வோம் என்று வருகிறது. ஃபேர் என்பதும் நியாயம்தானே? மறுபடி ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்து நிற்கிறது.

நடுப்பக்கம்:

ஃபேருக்கு ‘நேர்மையாக’ என்று வையுங்கள். அங்கே சொல்ல வருவது, ஆளை ஏமாற்றாமல், மறைக்காமல் நடந்துகொள்வது. லெஜிட்டிமேட்டுக்கு நியாயமான என்பது இருக்கட்டும். லெஜிட்டிமேட் எக்ஸ்பெக்டேஷன் என்பது ‘நியாயமான எதிர்பார்ப்பு’ என்று நீதிமன்றச் செய்திகளில் ஏற்கெனவே ஊன்றிவிட்டது.

பழையஏடு:

நான் இதை ஏற்கவில்லை. ‘நியாயமான நலன்’ என்று நிறுவனமே தன் நலனுக்குப் பெயர் வைத்துக்கொண்டால், படிப்பவர் வாதாடும் முன்பே தோற்றுவிடுகிறார். அது நியாயமா என்பதுதானே பின்னால் எடைபோட வேண்டியது? ‘ஏற்கத்தக்க நலன்’ என்றால், ஏற்பதா வேண்டாமா என்று இன்னொருவர் பார்க்க இடம் இருக்கிறது.

சொல்தேடி:

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ‘ஏற்கத்தக்க நலன்’ என்றே வைக்கிறேன். நடுப்பக்கம் சொன்ன ‘நேர்மையாக’ என்பதையும் எடுத்துக்கொண்டேன்.

மிச்சம் இருப்பது பெர்மிட்டட் பை லா. ‘சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்று எழுதியிருந்தேன். அணு ஆயுதக் கருத்துரையைப் படித்த பிறகு கை ஓடவில்லை. இந்த அறிக்கையில் அது, தடையில்லாத அளவுக்கு என்ற பொருளில்தான் வருகிறது. ஆகவே ‘சட்டத்தில் இடமுள்ள அளவுக்கு’ என்று மாற்றினேன். சட்டத்தில் இடமுண்டு, சட்டத்தில் இடமில்லை என்று நாம் நாள்தோறும் பேசுவதுதானே.

கறுப்பங்கி:

மிக நன்று. இடமுண்டு என்பது வாய் திறந்த அனுமதியையும் தாங்கும், மௌனத்தையும் தாங்கும். நான் என் மனுக்களில் இதையே பயன்படுத்தப் போகிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை. பெர்மிட்டட் என்பதற்குப் பக்கத்தில் ஒரு பிரிவு எண் இருந்தால், அங்கே சட்டம் உண்மையிலேயே வாய் திறந்திருக்கிறது. அந்த இடத்தில் ‘அனுமதிக்கும்’ என்றே எழுத வேண்டும்.

சொல்தேடி:

தேடிப் பார்த்தேன். மொத்தம் ஐந்து இடம். நான்கில் எண் இல்லை. நான்காம் பக்கத்தில் மட்டும் பிரிவு எண்ணோடு வருகிறது. அதை ‘அனுமதிக்கும்’ என்று மாற்றிவிட்டேன். மெய்ப்புப் பார்ப்பவருக்கு இந்த இழையின் இணைப்பையும் சேர்த்தே கோப்பை அனுப்புகிறேன்.